மேசையில் கிடக்காத புத்தகங்கள்

நூலகத்தில் பயிற்சி மாணவனாகச் சேர்ந்ததிலிருந்து என் தம்பிக்கு வீட்டில் ஏக மரியாதை. முதுகலை முடிப்பதற்குள் சொந்தமாக ஓர் ஆய்வு, அது தேறினால் அங்கேயே வேலை என்று அம்மா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டாள். அவனும் பெரிய துரை மாதிரி கால் தரையில் பாவாமல்தான் நடந்தான்.

நானும் அதே நூலகத்தில்தான் பழியாய்க் கிடந்தேன். மாடியில் கோடி அறை முழுக்கப் பழைய வெள்ள அறிக்கைகள். ஆறு எந்த வருடம் எந்தத் தெருவுக்குள் புகுந்தது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வீட்டில் தம்பி உட்பட யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அந்த அறிக்கைகளுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது.

நேற்று போனால் அலமாரிகள் காலி. எல்லாவற்றையும் சாக்கில் திணித்து நடையில் அடுக்கியிருந்தார்கள். காகித ஆலை லாரி மத்தியானம் வருமாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கைக்கு வந்த ஓர் அறிக்கையை உருவிக்கொண்டு தம்பியைத் தேடிப் பிடித்தேன்.

"அந்த ரூமை யாருமே தொடறதில்லக்கா," என்றான் பெருமையாக. "என் ஆய்வே அதுதான். சாயங்காலம் மேசை மேல கிடக்கற புத்தகத்தையெல்லாம் எண்ணுவேன். கிடந்தா யாரோ படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அங்க ஒருநாள்கூட ஒண்ணும் கிடந்ததில்ல."

"எப்படிடா கிடக்கும்? படிச்சு முடிச்சதும் தூசி தட்டி எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் போறவ நான்! நீ கழட்டிப் போடற சட்டையையே நான்தானேடா மடிச்சு வைக்கறேன்?"

"மேசையிலயே விட்டுட்டுப் போங்கன்னு போர்டு இருக்கேக்கா..."

இருந்தது. தண்ணீர் கேனுக்குப் பின்னால்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. "காலையிலதான் மேடம் என் ஆய்வைப் பாராட்டினாங்க. வேலை உனக்குத்தான்னுட்டாங்க."

"அதுக்கு? தப்பாயிடுச்சுன்னு போய்ச் சொல்லு."

தரதரவென்று தலைமை நூலகரிடம் இழுத்துப் போனேன். "அந்த வெள்ள அறிக்கை ரூம் பத்தி, மேடம்..." என்று தொடங்கிவிட்டு நின்றான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்பா, அங்க யாராவது படிக்கறாங்களா? இருந்தா இப்பவே சொல்லிடு. லாரியைத் திருப்பி அனுப்பிடலாம்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் இல்ல மேடம். இவ என் அக்கா. சும்மா பாக்க வந்தா."

வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்த வாய் திறக்கவே இல்லை. திறந்தால் அவன் பொய்யனாகி வேலை போகும். திறக்காவிட்டால் என் ஆய்வு ஆலைக்குப் போகும். அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அழுகைதான் வந்தது. அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "கெட்டிக்காரத் தம்பிம்மா," என்றார்.

வெளியே லாரியில் சாக்குகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கையில் இன்னும் அந்த ஓர் அறிக்கை. தம்பி என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"குடுக்கா, நான் வச்சிடறேன்."

"எங்கடா வைப்பே?" என்றேன்.