மிதிபடாத குட்டை

அசியாகோ மலைமேட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் சுண்ணாம்புப் பாறை ஒரே மடக்கில் குடித்துவிடும். பீச் மர இலையைப் பரப்பி, மேலே களிமண் கொட்டி, மாடுகளை விட்டு மிதிக்க வைத்தால்தான் குட்டையில் தண்ணீர் நிற்கும். பிறகும் வருஷா வருஷம் குளம்பு பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாடு மேய்க்கும் ஓர்சோலாவுக்கு இது தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டாளே, அதுதான் வயிற்றெரிச்சல்.

இரண்டு கோடைக்கு முன்னால் அவள் சித்தி மகன் எலியோ, வனக்காவலன், ஒரு காகிதத்தோடு வந்தான். குட்டையில் அரிய வகை நீர்ப்பல்லி இருக்கிறதாம். சுற்றி வேலி போட வேண்டுமாம். மாடுகளுக்கு லாரியில் தண்ணீர் வருமாம்.

"மிதி இல்லேன்னா களிமண் வெடிச்சுடும்டா."

"படிச்சவங்க சொல்றாங்கக்கா. உனக்கென்ன, தண்ணி வாசலுக்கே வருது!"

அவளும் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். முழங்கால் வலிக்கு லாரித் தண்ணீர் சுகமாகத்தான் இருந்தது.

இந்த ஜூலையில் குட்டை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நீர்ப்பல்லி ஒன்றுகூட மிஞ்சவில்லை. லாரி இரண்டு கோடைக்கு மட்டும்தானாம், அதுவும் நின்றுவிட்டது. பதினெட்டு மாடுகளும் வேலியோரம் நின்று கத்தின. அப்போதுதான் எலியோ மறுபடி வந்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"தண்ணி இல்லாத மேய்ச்சல் நிலம் காட்டோட சேந்துடும்க்கா. ஊசியிலை மரக்கன்னு நடப்போறாங்க. மாசக் கடைசிக்குள்ள மாடுங்கள கீழ இறக்கிடு."

"முப்பத்தோரு கோடை மேய்ச்ச எடம்டா! எங்க இறக்குறது, உன் வீட்டுக்கா?"

அவன் படிவத்தை நீட்டினான். குட்டை வற்றியதற்கு அச்சடித்திருந்த மூன்று காரணங்களில், 'மாடுகள் மிதித்துப் பாழானது' என்பதன் எதிரே டிக் அடித்திருந்தான். அவள் இரண்டு முறை படித்தாள்.

"ரெண்டு வருஷமா ஒரு குளம்பு உள்ள போகலியே, பாவி! வேலி போட்டதே நீதான!"

"வேலின்னு எழுத அதுல இடமில்லக்கா. மூணுல ஒண்ணுல டிக் அடிச்சாகணும்."

ஓர்சோலா கையெழுத்துப் போடவில்லை. தொழுவத்திலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக நெம்பிச் சாய்த்தாள்.

"அக்கா, அது அரசாங்கச் சொத்து!"

"நீ எழுதினது பொய்யாப் போயிடக் கூடாதுல்ல," என்று மாடுகளை உள்ளே ஓட்டினாள்.

அவை பழகிய வழியில் நடுக்குட்டைக்கு இறங்கி, தலையைத் தாழ்த்தி, காய்ந்த களிமண்ணை நக்கின.