கை தவறிப் போன வீடியோ

பார்லர்காரம்மாவுக்கு வாய் ஓயாது என்பது தெருவுக்கே தெரியும். கத்தரிக்கோல் ஒரு பக்கம் ஓடும், பேச்சு ஒரு பக்கம் ஓடும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். அப்படிப்பட்டவளுக்குப் பிறவியிலேயே காது கேளாத ஒரு மருமகள் வந்து சேர்ந்தாள்.

மகன் விரும்பிக் கட்டிக்கொண்ட பெண். ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளர். கடைக்குப் போனால் பிஸ்கட் பாக்கெட்டிலும் மருந்து டப்பாவிலும் அவள் கைவண்ணத்தைப் பார்க்கலாம். மகனும் அவளும் சைகையிலேயே மணிக்கணக்கில் பேசுவார்கள், சிரிப்பார்கள், சண்டையும் போடுவார்கள். வீட்டில் மற்றவர்கள் போனில் தட்டிக் காட்டுவதோடு சரி.

"அதான் எழுதிக் காட்டறோமே, இன்னும் என்ன வேணும்?" என்பது மாமனாரின் கட்சி. பார்லர்காரம்மாவின் கணவரான அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு, முன்னாடியே பார்த்துக்கொண்டு பின்னாடி போன மாணவர் ஒருவரைப் பற்றி மாமனார் சொன்னார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. மகன் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தான். மருமகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தானும் ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். பார்லர்காரம்மா அவசர அவசரமாகப் போனில் தட்டிக் காட்டினாள்: 'மாமா ஒரு ஜோக் சொன்னார்.' மருமகள் படித்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினாள். அதற்குள் பேச்சு எங்கேயோ போய்விட்டது.

பார்லர்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. சொந்த வீட்டிலேயே ஒருத்தி விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே!

மறுநாளே, யாரிடமும் மூச்சு விடாமல், சைகை மொழி கற்பவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே பாடமெல்லாம் எளிமைதான். வீடியோவைப் பார்க்க வேண்டும், தான் செய்வதைப் படமெடுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் திருத்துவார்கள். குழுவை நடத்தியவர் காது கேளாத தையல்காரர் ஒருவர். தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டார்.

'அக்கா, கை பேசுது, முகம் தூங்குது. கேள்வி கேட்டா புருவமும் சேர்ந்து கேட்கணும்' என்று எழுதினார்.

"இத்தனை பேர் புருவத்தைத் திருத்தியிருக்கேன். என் புருவத்தைத் திருத்த ஒருத்தர் வந்துட்டாரே!" என்று கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

விட்டாளா? முடிக்குச் சாயம் பூசும்போது கையுறையோடு பழகினாள். ஒருநாள் நாற்காலியில் இருந்த பெண்மணி, "என்னம்மா, கொசு ரொம்ப கடிக்குதா?" என்று கேட்டே விட்டாள்.

'நீ எங்க வீட்டுக்கு வந்தது எனக்கு ரொம்ப சந்தோஷம்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தப்பில்லாமல் கற்றுக்கொண்டு மருமகள் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு புதன்கிழமை, ஆள் வராத நேரம் பார்த்து, புருவத்தையெல்லாம் நன்றாக ஏற்றி இறக்கிப் படமெடுத்தாள். குழுவில் போட்டாள். போனை ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டு, அடுத்து வந்தவளுக்குத் தலை அலசப் போனாள்.

பை விடாமல் அதிர்ந்தது. கையெல்லாம் நுரை, எடுக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு, அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணி! கை கால் இழுக்குதா? உட்காருங்க முதல்ல!"

"எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன்!"

"வீடியோவில முகமெல்லாம் கோணிக்கிட்டு, கை வெட்டி வெட்டி இழுத்துச்சே! அண்ணன் வண்டியை ஓரங்கட்டிட்டு டாக்டருக்குப் போன் போட்டுட்டிருக்கார்!"

அப்போதுதான் உறைத்தது. வீடியோ போனது தையல்காரர் குழுவுக்கு அல்ல, குடும்பக் குழுவுக்கு! சித்தப்பா, பெரியம்மா, சம்பந்தி வீடு, எல்லோரும் இருக்கிற குழு. ஈரக்கையோடு அழிக்கப் பார்த்தாள். பிரயோஜனமில்லை, பார்த்தவர்கள் வரிசையில் மருமகளும் இருந்தாள். ஆனால் பதில் எதுவும் போடவில்லை.

"கேலி பண்றதா நினைச்சுட்டாளோ?" என்றாள் பார்லர்காரம்மா நாத்தனாரிடம். அவளும் போனை வாங்கிப் பார்த்தாள். நுரைத் தலையோடு காத்திருந்தவள்தான், "கண்ணு எரியுதும்மா" என்று நினைவூட்டினாள்.

தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அதே குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அச்சகத்தின் உணவறையில் மருமகள் நின்று, நிதானமாகச் சைகை செய்தாள். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமென்று கீழே எழுதியும் இருந்தாள்:

'அத்தை, நீங்க சொன்னது என்ன தெரியுமா? "நீ எங்க வீட்டைச் சாப்பிட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம்." இன்னும் முழுசா சாப்பிடலை. மாடி பாக்கி இருக்கு.'

குழு முழுக்கச் சிரிப்பு. பின்னாலேயே இன்னொரு வீடியோ. அதில் அந்த வாக்கியத்தைச் சரியாகச் செய்து காட்டினாள். கடைசியில் கையைக் கீழே இறக்கினாள். கண் கலங்கியிருந்தது. பார்லர்காரம்மாவுக்கும்தான்.

அதற்கப்புறம் குடும்பக் குழுவின் தலையெழுத்தே மாறிப்போனது. காலை வணக்கப் படங்கள் வந்துகொண்டிருந்த இடத்தில் கைகள் வர ஆரம்பித்தன. நாத்தனார் 'மழை' போட்டாள். சம்பந்தியம்மா 'குடை' போட்டு அதற்குப் பதில் சொன்னாள். மருமகள் அச்சகத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொருவருக்கும் திருத்தம் அனுப்பினாள். மாமனார் மட்டும், "இந்த வயசுல எனக்கெதுக்கு?" என்று வீம்பு பிடித்தார். வீட்டு வாசலில் நிறுத்திய காருக்குள், கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அவர் 'சாப்பிட்டாயா?' பழகியதை மனைவி பார்த்துவிட்டாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் அந்த வீடியோ குழுவுக்கு வந்தது, புருவம் இரண்டும் உச்சந்தலையைத் தொடும் அளவுக்கு.

கொஞ்ச காலம் கழித்து ஒரு மத்தியானம், கடையில் கூட்டமான நேரத்தில் மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். போனைக் கண்ணாடி மேசையில் சாய்த்து வைத்ததுதான் தாமதம், கை இரண்டும் பறந்தன. பாதிக்குப் பாதிதான் பிடிபட்டது: மேனேஜர், என் வேலை, அவர் பெயர், பொய்.

'மெதுவா' என்றாள் பார்லர்காரம்மா, சீப்பை வாயில் கவ்விக்கொண்டு.

மருமகள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னாள். இவள் வரைந்த அட்டையை மேனேஜர் தான் வரைந்ததாகச் சொல்லிப் பாராட்டு வாங்கிவிட்டாராம்.

'நான் வந்து கேட்கட்டுமா?' புருவமும் சேர்ந்தே கேட்டது.

'வேண்டாம். நேரா போய்க் கேட்டுட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் திருத்திச் சொல்றேன்னு ஒத்துக்கிட்டார்.'

'என் பிள்ளைகிட்ட சொன்னியா?'

'உங்க பிள்ளை சமாதானம் சொல்வார். எனக்கு இப்போ கூடச் சேர்ந்து திட்ட ஆள் வேணும்.'

பார்லர்காரம்மா யோசித்தாள். 'திட்டறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித்தரலையே!'

மருமகள் ஒரு பார்வை இந்தப் பக்கம், ஒரு பார்வை அந்தப் பக்கம் பார்த்தாள். அறைக்கதவைச் சாத்தினாள். போனை நேராக வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் வார்த்தையைச் செய்து காட்டினாள். பார்லர்காரம்மா சீப்பை மேசையில் வைத்துவிட்டு அதை அப்படியே திருப்பிச் செய்தாள்.

நாற்காலியில் இருந்தவள் பாதி வெட்டிய தலையோடு திரும்பினாள். "என்னம்மா, ஏதாவது பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க. மருமக பேசிட்டிருக்கா."