உங்கையை அழித்தவருக்கு மறுமொழி

"யார் மாமா அந்த உன் கை? யாரோட கை அது? அதைத்தான் கேக்கிறேன்."

"எனக்கென்ன தெரியும். மெல்லக் கதையும். அவ பக்கத்தறையிலை இருக்கிறா."

"இருக்கட்டும், கேக்கட்டும். நீர்வேலியிலயும் கொடிகாமத்திலயும் அந்தப் பேர்ல கதவு திறந்து வச்சிருக்காங்க. யாரோ வெளியாள் உள்ள வந்து போறான். இவங்களுக்குத் தெரியாம நடக்குமா?"

"தேவகுமாரி அப்பிடிப்பட்ட ஆளில்லை."

"எல்லாத் திருடனுக்கும் இப்படி சர்டிபிகேட் குடுக்க ஒரு பெரியவர் இருப்பார் மாமா."

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி இருந்த அந்தத் தேவகுமாரி நான்தான். ஊர் அச்சுவேலி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் தலைமை அலுவலகம், நீர்வேலியில் வாழைக்குலை பழுக்கவைத்துப் பொதி செய்கிற இடம், கொடிகாமத்தில் மரக்கறி நிறுத்து எடுக்கிற இடம் என்று நடக்கிற ஒரு கொம்பனியில் கொம்பியூட்டர் வலையமைப்பு என் பொறுப்பில் இருந்தது. முதலாளி நமசிவாயம் ஐயா. ஸ்பீக்கர் போனில் கத்தியவர் அவருடைய மருமகன் நிருஷன். நீர்வேலியில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு சென்னைக்குப் போய் வளர்ந்து, இப்போது லண்டனில் இருப்பவர். ஐயாவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு நிர்வாகம் மருமகனிடம் போனது.

வலையமைப்புக்காரருடைய இந்த இணையக் குழுவில் நான் வழக்கமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதிவிட்டுப் போகிறவள். இன்றைக்கும் ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "உன் கை" என்னவென்று சொல்லிவிடுகிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கிளைகளுக்கும் இணையத்துக்குள்ளால் நிரந்தரச் சுரங்கப்பாதை போட்டிருந்தேன். வீட்டிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ லப்டொப்பில் விபிஎன் போட்டு வருகிறவர் முதலில் தலைமை அலுவலகத்துக்குள் நுழைவார். அங்கிருந்து சுரங்கத்துக்குள்ளால் கிளைக்குப் போவார். போவது பெரிய காரியமில்லை. மறுமொழி திரும்பி வருவதுதான் காரியம். நீர்வேலியில் இருக்கிற ரவுட்டர் பெட்டிக்குத் தலைமை அலுவலகத்தைத் தெரியும், லப்டொப்போடு வெளியிலிருந்து வருகிறவரைத் தெரியாது. தெரியாத ஆளுக்கு அது வாய் திறக்காது. ஆகவே ஒவ்வொரு கிளையிலும், இந்த முகவரிகளில் வருகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான், அவர்களுக்கான மறுமொழியையும் இதே சுரங்கத்தால் அனுப்பு என்று எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்தேன்.

பெயர் வைக்கும்போது எங்கள் பேச்சிலேயே வைத்தேன். தலைமை அலுவலகத்துக்கு இங்கை. கிளைகளுக்கு அங்கை. வெளியிலிருந்து வருகிறவருக்கு உங்கை. போனில் கதைக்கிற ஆளிடம் "உங்கை மழையோ" என்று கேட்கிறோமே, அந்த உங்கைதான். என்னுடைய இடமும் இல்லை, மூன்றாம் ஆளுடைய இடமும் இல்லை, நான் கதைக்கிற நீ இருக்கிற இடம். அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. பெட்டி தமிழ் எழுத்தை ஏற்காதபடியால் ஆங்கில எழுத்தில் unkai என்று அடித்துவிட்டேன். வினை அதில்தான் வந்தது.

பாதுகாப்புச் சோதனை என்று சொல்லி நிருஷன் சென்னையிலிருந்து தன் நண்பர் ஒருவரைப் பிடித்தார். அவர்கள் பேச்சில் இங்கேயும் அங்கேயும்தான் உண்டு, நடுவில் ஒன்று கிடையாது. அந்தத் தம்பி ஆங்கில எழுத்தில் இருந்ததை "உன் கை" என்று வாசித்தார். யாரோ தன் சொந்தக் கையை உள்ளே விடுவதற்கு வைத்த பெயர் என்று நினைத்தார். கிளைப் பெட்டிகளில் அது இருக்கிற இடமெல்லாம் தேடிப் பிடித்து அழித்தார். அவரே அந்த வழியால்தான் கிளைகளுக்குள் வந்திருந்தார். கொடிகாமத்தில் அழித்ததும் அவருடைய தொடர்பு அறுந்தது. வேலை முடிந்தபடியால் மூடிக்கொண்டது என்று எண்ணி நீர்வேலிக்குப் போய் அங்கேயும் அழித்தார். இருந்த கொப்பை வெட்டுகிறவன் ஒரு கொப்போடு நிறுத்துவான். இவர் இரண்டாவதிலும் ஏறி வெட்டினார்.

திங்கட்கிழமை மூன்று இடத்து ஆட்களையும் திரையில் கூட்டினார் நிருஷன். கொம்பனிக்குள் ஒரு கள்ளப் பாதை இருந்தது, கண்டுபிடித்து மூடியாயிற்று, போட்டவர் இந்தத் திரையில்தான் இருக்கிறார் என்றார். நான் உடனே, அது உங்களுக்காகப் போட்டது என்று தொடங்கினேன். தொடங்கின கையோடு லண்டனிலிருந்தே என் ஒலியை அடைத்துவிட்டார். எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சத்தமில்லாமல் நான் வாயசைப்பதை மூன்று இடத்துச் சனமும் பார்த்துக்கொண்டிருந்தது. கொடிகாமத்தில் ஒரு பிள்ளை தலையைக் குனிந்ததைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

"திருட்டு வழி போடுறவங்களுக்கு இங்க வேலை இல்ல. சாவியெல்லாம் மாமாகிட்ட குடுத்துட்டுப் போகலாம்."

கொடுத்துவிட்டுப் போனேன். கடவுச்சொல் ஒன்றையும் ஒளிக்கவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை. அதை இங்கே அழுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு அதையும் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியில் வர மக்டலீன் அக்கா பிடித்துக்கொண்டார். எல்லாரும் கேட்கத்தக்கதாக ஒரு கேள்வி.

"கள்ளப் பாதை எண்டால் என்ன தேவகுமாரி? வளவுக்குள்ளாலையோ?"

அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. நான் வேலி ஓட்டைக்குள்ளால் வாழைக்குலை கடத்தினேன் என்றுதான் அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் நதானியேல் வீடு வரும் வழியெல்லாம் இதை ஆண்டவரிடம் விட்டுவிடச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆண்டவருக்கு வேறு சோலி இருக்கிறது, இதை நான் பார்க்கிறேன் என்று சொன்னேன்.

நான் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. சும்மா இருந்தாலே போதும். அதைத்தான் செய்தேன். நீர்வேலியின் பழுக்கவைக்கிற அறை தன்பாட்டில் ஓடும், கொடிகாமத் தராசு தன்பாட்டில் நிறுக்கும். தோட்டக்காரருக்கு ஒரு சதத் தீங்கும் வராது. வந்திருந்தால் நான் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன். பார்க்க முடியாமல் போவது ஒரே ஒருவருக்குத்தான்.

அந்த ஒருவர் லண்டனில் பழம் வாங்குகிற பெரிய ஆட்களைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். நீர்வேலி அறையின் குளிரையும் கொடிகாமத் தராசின் எடையையும் அந்தந்த நேரத்திலேயே திரையில் காட்டப்போகிறேன் என்று சொல்லி அழைத்திருந்தார். அதற்கு முதல்நாள் சென்னைத் தம்பி எனக்குப் போன் எடுத்தார். நல்ல மரியாதையான பிள்ளை.

"அக்கா, தலைமை ஆபீஸ் வரைக்கும் நல்லாப் போகுது. நீர்வேலியும் கொடிகாமமும் வரவே மாட்டேங்குது. அந்த உன் கைன்னு ஒண்ணு இருந்துச்சே, அது உங்க கைதானே? அதை எடுத்ததால ஒண்ணும் ஆயிருக்காதில்ல?"

இரண்டு நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது சத்தமில்லாமல் நான் வாயசைத்த கோலம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஓம் தம்பி, என்ரை கைதான். வெட்டிப்போட்டியள். இனி உங்கடை கையாலை பாத்துக்கொள்ளுங்கோ."

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை. தெரியாத சொல்லை என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் நடந்ததை நீர்வேலிப் பொறுப்பாளர் தம்பிராசா வேலை முடிந்து போகிற வழியில் வந்து சொன்னார். லண்டனில் ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, வேறொன்றும் இல்லை. கடைசியில் நிருஷன் தம்பிராசாவின் கைபேசிக்கு எடுத்து, வெப்பமானிக்கு முன்னால் கமராவைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். இருட்டறை. கண்ணாடியில் தம்பிராசாவின் முகம்தான் விழுந்ததாம்.

"பேந்து குலையைக் காட்டு எண்டார். காட்டினன். இன்னும் கிட்டக் காட்டு எண்டார். கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டனான் அக்கா, கலியாணப் படம் எடுக்கிற மாதிரி. வெள்ளைக்காரன் சிரிச்சுப்போட்டு எழும்பிப் போயிட்டான்."

நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தேன். அது நல்ல குணமில்லை என்று தெரியும். இருந்தாலும் சிரித்தேன்.

இரண்டு நாளில் நமசிவாயம் ஐயா ஒரு கதலிச் சீப்போடு வீட்டுக்கு வந்தார். ஏலாத உடம்பு. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருக்கால் வந்து செய்துதரச் சொல்லிக் கேட்டார். நான் பழத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவரிடம் ஒன்று கேட்டேன்.

"ஐயா, உங்கை எண்டால் என்ன?"

"இதென்ன கேள்வி பிள்ளை. உங்கை எண்டால் உங்கைதான். மற்ற ஆள் நிக்கிற இடம்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்தபடி இருந்தார். "உன் கை" என்று மருமகன் சொல்லிச் சொல்லி, அவருக்கும் அது கையாகவே போய்விட்டிருந்தது. இப்போதுதான் சொல் காதில் ஏறியது. கண் கலங்கியது. எனக்கும் பாவமாய்த்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். "அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்திவிட்டார்.

மருமகனுக்கு இதைச் சொல்லக்கூடாது, அவர்தான் என்னிடம் கேட்க வேண்டும் என்றேன். அதே திரையில், அதே ஆட்களுக்கு முன்னால், நான் கள்ளி இல்லை என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம். வேலையும் திரும்ப வேண்டாம். ஐயா ஒத்துக்கொண்டு போய்க் கூட்டத்தை வைப்பித்தார்.

நிருஷன் திரையில் வந்தார், நான் தலைமை அலுவலகத்தில் ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏதோ ஒரு விளக்கக் குறைவு ஏற்பட்டுவிட்டது, யாருக்கும் மனவருத்தமென்றால் கவலை என்று ஆங்கிலத்தில் வாசித்தார். மரக்கறி நிறுக்கிற பொடியளுக்கு அதில் பாதி விளங்கியிராது. "இனி வேலையைப் பாக்கலாமா?" என்று மட்டும் தமிழில் கேட்டார்.

"கள்ளி எண்டு தமிழிலைதானே சொன்னனீங்கள்," என்றேன். "தமிழிலையே திருப்பி எடுங்கோ."

"ஈகோ பாக்காதீங்க மேடம்."

நான் எழும்பி வந்துவிட்டேன். ஐயா பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

இனித்தான் உங்களுக்குச் சம்பந்தமான இடம். நேற்று இந்தக் குழுவில் சொந்தப் பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. விபிஎன்னில் வருகிறவர்களுக்குத் தலைமை அலுவலகம் தெரிகிறது, சுரங்கத்தால் இணைத்த கிளைகள் தெரியவில்லை, என்ன செய்வது என்று. கூடவே ஒரு படம். அது நான் கீறின வலையமைப்பு வரைபடம். இங்கை இருக்கிறது, அங்கை இருக்கிறது, நடுவில் ஒரு பெயரை வெள்ளை பூசி மறைத்திருக்கிறார்கள். கள்ளி கீறின படத்தை வைத்துக்கொண்டு ஊரிடம் வழி கேட்கிறார் மனிதர்.

உங்களில் மூன்று நான்கு பேர், வருகிறவர்களுக்குத் தலைமை அலுவலகத்தின் முகவரியைப் போர்த்தி அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அப்படியும் திறக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிறகு உள்ளே வந்தது யார் என்று நீர்வேலிக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே முகமூடியோடு போவார்கள். உண்மையான கள்ளப் பாதை என்றால் அதுதான். நான் போட்டதில் ஒவ்வொருவரும் தன் முகத்தோடுதான் போனார்கள்.

நிருஷன், சரியான வழியை எழுதுகிறேன். தலைமை அலுவலகத்தில், வெளியிலிருந்து வருகிறவர் கிளைகளுக்குப் போகலாம் என்ற அனுமதி இருக்க வேண்டும். அவர்களுடைய லப்டொப்புகளுக்குக் கிளை முகவரிகளும் இந்த வழியால்தான் என்று சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இவை உங்களிடம் ஏற்கெனவே சரியாக இருக்கின்றன. இல்லாதது இதுதான்: நீங்கள் வெள்ளை பூசி மறைத்த உங்கையின் முகவரிகளைச் சுரங்கத்தின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். நீர்வேலியிலும் கொடிகாமத்திலும் அதற்கு அனுமதியும் கொடுத்து, திரும்பும் வழியையும் காட்ட வேண்டும். லண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ செய்ய முடியாது, அந்தக் கதவையும் நீங்களேதான் அடைத்தீர்கள். மாற்றும்போது சுரங்கம் அறுந்தாலும் அறும், ஆகவே இரண்டு இடத்திலும் பெட்டிக்கு முன்னால் ஓராள் நிற்க வேண்டும்.

இதை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். அனுப்பமாட்டேன். எனக்குக் கள்ளப்பட்டம் கட்டினது சபையில் என்றால், மறுமொழியும் சபையில்தான். வேலை நடக்க வேண்டுமென்றால் இதை முதலிலிருந்து வாசித்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்குக் காட்டித்தான் செய்விக்க வேண்டும். அவர்களும் முதலிலிருந்துதான் வாசிப்பார்கள்.

குழுவில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் நீர்வேலியாரும் இருக்கிறீர்கள், அச்சுவேலியாரும் கொடிகாமத்தாரும் இருக்கிறீர்கள். இதே வேலை செய்து பிழைக்கிறவர்கள் கனபேர் இருக்கிறீர்கள். விருப்பக்குறி போட்டுவிட்டுப் போகவேண்டாம். தேவகுமாரி போட்டது கள்ளப் பாதையா, இல்லையா என்று கீழே உங்கள் சொந்தப் பெயரில் ஒரு வரி எழுதுங்கள். நான் செய்தது பிழை என்று நினைத்தால் அதையும் எழுதுங்கள், வாசிப்பேன். ஆனால் பேசாமல் போகாதீர்கள். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.