மடியில் செருகிய மாத்திரை

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று சொன்னபோதுகூடக் கூர்மய்யா இவ்வளவு கலங்கவில்லை. ஆந்திராவின் உத்தானம் வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். பெண்டாட்டி தவிட்டம்மா மேல் சந்தேகம் வந்தபிறகுதான் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

தினமும் காலையில் பிரஷர் மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்கிறவள், செவ்வாய், வியாழன், சனி மட்டும் தரவில்லை. அந்த மூன்று நாளும் அவருக்குப் பலாசா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ்.

“மாத்திரை எங்கடி?”

“ரத்தம் சுத்தம் பண்ற அன்னிக்குக் காலைல போடக் கூடாதாம் மாமா. பிரஷர் தடால்னு இறங்கிடுமாம். நர்ஸ் பாரிஜாதம் சொன்னா.”

“உன் சித்தப்பன் மகதானே! சொல்லுவா, சொல்லுவா.”

போதாததற்கு, முந்திரித் தோப்பை இப்போது பார்த்துக்கொள்வது தவிட்டம்மாவின் தம்பி. மூவரும் கூடித் தன்னை மேலே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். கேட்டீர்களா கூத்தை! மருந்துக் கடையில் தனியாக ஓர் அட்டை மாத்திரை வாங்கி வேட்டி மடியில் செருகிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை கொல்லைப்பக்கம் போய் ஒன்றை விழுங்கினார்.

அன்று டயாலிசிஸ் நடுவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாரிஜாதம் ஓடிவந்து காலை உயர்த்தி வைத்து, சலைன் ஏற்றியதும் தெளிந்தது. ‘சோத்துல என்னமோ கலந்துட்டா, ஒரு மாத்திரை போதாது’ என்று வியாழக்கிழமை இரண்டு விழுங்கினார். இருட்டு இன்னும் சீக்கிரம் வந்தது. சனிக்கிழமையும் இரண்டு. அன்று இடது கண் தெளியவே இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பிரஷர் திடீர்னு விழுந்து கண் நரம்புக்கு ரத்தம் போகல. போன பார்வை திரும்பறது கஷ்டம். காலைல மாத்திரை குடுத்தது யாரு?”

பாரிஜாதம் தவிட்டம்மா மேல் பாய்ந்தாள். “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அவர் கண்ணை அவிச்சிட்டியே அக்கா!”

“பைடிதல்லி அம்மன் சத்தியமா நான் குடுக்கலடி!” தலையில் அடித்துக்கொண்டு அழுதவள், சட்டென்று அடங்கிப்போனாள். “மறதில குடுத்துத் தொலைச்சேனோ என்னமோ... என் கண்ணை எடுத்து அவருக்கு வைங்க டாக்டர்.”

கூர்மய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டுச் சதி என்றால் பாரிஜாதம் ஏன் தவிட்டம்மாவைத் திட்டுகிறாள்? மடியைத் தடவி அட்டையை எடுத்தார். ஐந்து குழி காலி.

“அவ குடுக்கல. நானேதான் போட்டுக்கிட்டேன்,” என்று அட்டையைத் தவிட்டம்மாவிடம் நீட்டினார்.

கை வெறும் சுவரைப் பார்த்து நீண்டிருந்தது. அவள் அவருடைய இடது பக்கத்தில் நின்றிருந்தாள்.