மச்சான் போகிறாராம்

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. கிளப் மறுத்தால் பெயரை வெட்டு.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கால்பந்து ஜெர்சியின் முதுகில் பெயரும் எண்ணும் ஒட்டிக்கொடுக்கும் கடை எங்களுடையது. நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அடித்து, ஸ்டிக்கர் ஷீட்டில் மெஷின் வைத்து வெட்டுவேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அதை ஜெர்சியின் மேல் வைத்து, சூடான பிரஸ்ஸின் கைப்பிடியை இழுத்து அழுத்தி ஒட்டுவார். ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம் வந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எவனோ ஒருவன் எங்கோ கையெழுத்துப் போட்டான் என்று செய்தி வந்த கொஞ்ச நேரத்தில், அவன் பெயர் போட்ட ஜெர்சி கேட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அப்போது போய் எழுத்தை வெட்ட ஆரம்பித்தால் கூட்டம் வேறு கடைக்கு நகர்ந்துவிடும். ஆகவே வதந்தியாக இருக்கும்போதே வெட்டி வைக்க வேண்டும். எந்த வதந்தியை நம்பி வெட்டுவது என்பதில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

அதற்கு மச்சான் கண்டுபிடித்ததுதான் அந்த விதி. "இவன விக்கற எண்ணமே இல்லன்னு கிளப் சொன்னா, பேரம் நடக்குதுன்னு அர்த்தம் மாப்ள. நான் இங்க சந்தோஷமா இருக்கேன்னு அவனே வாயத் தொறந்துட்டான்னா, பெட்டியக் கட்டிட்டான்னு அர்த்தம். மறுத்தா வெட்டு." இந்தப் பருவம்வரை அந்த விதி எங்களைப் பெரிதாகக் கைவிட்டதில்லை.

மற்ற எல்லாவற்றிலும் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்தான். நான் இங்கிலாந்துக் கால்பந்து. அவர் இத்தாலி. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கும் சண்டை, பூட்டும்வரை ஓயாது.

"உங்க இத்தாலிக்காரங்க ஒரு கோல் போட்டுட்டுக் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்கிடுவாங்க மச்சான். அதுக்குப் பேரு ஆட்டமா?"

"உங்க ஆளுங்க நாலு போட்டு மூணு வாங்குவாங்க. பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி ஓடறாங்க. எங்க ஓடறோம்னு எவனுக்காவது தெரியுதா? எங்க இத்தாலியில ஒருத்தனுக்கு வயசாச்சுன்னா, மொத்த டீமும் அவனுக்குத் தோதா நின்னு ஆடும். உங்க இங்கிலாந்துல கால் கொஞ்சம் தாமதமாச்சுன்னா அடுத்த வாரமே புது ஆளு."

"அதனாலதான் எங்க ஆட்டத்துல வேகம் இருக்கு. ஓட முடியாதவன வச்சுக்கிட்டு என்ன பண்றது, பூஜையா பண்றது?"

இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்தப் பருவத்தின் பெரிய வதந்தி, இத்தாலிக் கிளப் ஒன்றின் தடுப்பாட்டக்காரனைப் பற்றியது. மொட்டைத் தலை, மச்சானுக்கு உயிர். அவனை என்னுடைய இங்கிலாந்துக் கிளப் வாங்கப்போகிறது என்று பேச்சு. அவனுடைய கிளப் அடியோடு மறுத்தது. மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டே, "மறுத்துட்டாங்க, வெட்டு மாப்ள" என்றார். நான் ஒரு கட்டு ஜெர்சிக்கு வெட்டினேன், அவரும் ஒட்டி அடுக்கினார்.

அந்த வாரம்தான் வட்டாரம் வந்தார். வட்டாரம் என்பவர் எங்களுக்கு வெற்று ஜெர்சி மூட்டைகளைக் கொண்டுவரும் வேன்காரர். எதைச் சொன்னாலும் "நம்பத்தகுந்த வட்டாரத்துல சொன்னாங்க" என்று ஆரம்பிப்பார். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று இப்போது யாருக்கும் நினைவில்லை. மச்சான் கடையில் இல்லாத நேரம் பார்த்து, மூட்டையை இறக்கிவிட்டு என் காதருகே குனிந்தார்.

"மச்சான் போறாராமே?"

"எங்க போறார்?"

"ஸ்டேடியத்துக்கு எதிர்ல கண்ணாடி போட்டுப் பெருசா ஒரு ஜெர்சிக் கடை தொறந்திருக்காங்கல்ல, அங்க. முதலாளியோட உக்காந்து பேசிட்டுக் கை குலுக்கிட்டு வெளிய வந்தார். இது வட்டாரம் இல்ல, என் கண்ணாலயே பார்த்தேன்."

மச்சான் இல்லாமல் இந்தக் கடை இல்லை. நான் வெட்டுவேன், அவ்வளவுதான். காலருக்குக் கீழே மூன்று விரல் இடம் விட்டு, அளவுகோலே இல்லாமல் ஒரு பெயரை நேராக வைக்க அவருக்குத்தான் தெரியும். நான் ஒட்டினால் பெயர் மலையேறும். அதைவிட, நான் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, "வா மாப்ள, சேர்ந்து ஏதாவது பண்ணலாம்" என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர். அவர் போனால் கடை போகும். கடை போவதற்கு முன்பே வேறு ஏதோ போகும் என்றும் தோன்றியது. அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு நான் மச்சானைப் பார்க்கவில்லை, அறிகுறிகளைத்தான் பார்த்தேன். மதியம் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போனார். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்ப் பேசினார். எல்லாவற்றையும்விட, சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். நான் வேண்டுமென்றே, "நேத்து உங்க ஆளுங்க ஆட்டம் பார்த்தேன், கொட்டாவி வந்து தாடை வலிக்குது" என்றேன். "ஆமா மாப்ள, சுமார்தான்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தாலி சுமார் என்று மச்சான் வாயால் கேட்பதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

அடுத்து வட்டாரம் கொண்டுவந்த செய்திதான் என்னைச் சாய்த்தது. "ஆஸ்பத்திரியிலேருந்து வெளிய வந்தார். கையில பெரிய கவர், ஸ்கேன் எடுத்தா குடுப்பாங்கல்ல, அது."

வேறு யாராக இருந்தாலும் ஐயோ, உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஆட்டக்காரன் கிளப் மாறும்போது, கையெழுத்துக்கு முந்தைய கடைசிக் கட்டம் மருத்துவப் பரிசோதனை. டாக்டர் சரி என்றால் மறுநாள் புது ஜெர்சியைப் பிடித்துக்கொண்டு போட்டோ. எத்தனை பருவமாகப் பார்க்கிறேன்! 'முடிந்தது' என்றுதான் நினைத்தேன்.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் ஜெர்சியை மடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நீங்க வேற எங்கயாவது போற மாதிரி ஏதாவது..."

கை ஒரு நொடி நின்றது. "நான் எங்க போகப்போறேன் மாப்ள? இங்க சந்தோஷமாத்தானே இருக்கேன்."

பெட்டியைக் கட்டிய ஆட்டக்காரன் சொல்வது அப்படியே, வார்த்தை மாறாமல்! எனக்குத் தலை கிறுகிறுத்தது. மறுத்தால் உறுதி என்று விதி. ஆனால் விதியைச் செய்தவரே அவர். மறுத்தால் நான் நம்பமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மறுக்கிறார் என்றால், ஒருவேளை உண்மையைத்தான் சொல்கிறாரா? அல்லது, உண்மை என்று நான் நினைக்கட்டும் என்பதற்காகவே மறுக்கிறாரா? இப்படி யோசித்து யோசித்துத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல், ஒரு ஆட்டக்காரனின் பெயரில் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு வெட்டினேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, எங்க அண்ணன் என்கிட்ட சொல்லாம போவாரா? உங்களுக்கு என்ன கிறுக்கா?"

ஆட்டக்காரனின் ஏஜென்ட்டும் இப்படித்தான் பேசுவான். இதையும் மறுப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு செய்ததைக் கோபத்தில் செய்தேன். பின்னாலிருந்து குத்துகிறார், நான் மட்டும் கைகட்டி நிற்பதா? ஒருவன் போகிறான் என்றால் இங்கிலாந்துக் கிளப் அழுதுகொண்டு உட்காராது, பருவம் முடிவதற்குள் ஆளைப் பிடிக்கும். நானும் பிடித்தேன். பேனர் அச்சடிக்கும் இடத்தில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், நல்ல கைப்பழக்கம். திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். எங்களிடம் வழக்கமாக வரும் அணிகளில் யாராவது விலகினால், அவர்களுக்குப் பெயர் போட்டு ஒரு ஜெர்சி நாங்களே கொடுப்பது பழக்கம். சனிக்கிழமை மதியம் மச்சான் வெளியே போயிருந்தபோது, அவருடைய இத்தாலிக் கிளப் ஜெர்சி ஒன்றை எடுத்தேன். மேலே 'மச்சான்', நடுவில் எண் மூன்று, கீழே 'போய் வாங்க'. அவர் என்னிடம் சொல்வதற்கு முன்னால் இதை நான் அவர் கையில் கொடுக்க வேண்டும், எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்ட வேண்டும். கைப்பிடியை நானே இழுத்தேன். அது இவ்வளவு கனம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எழுத்து வழக்கம்போல மலையேறியிருந்தது.

ஜெர்சி ஆறுவதற்குள் போனில் செய்தி வந்தது. மொட்டைத்தலைத் தடுப்பாட்டக்காரன் தன் இத்தாலிக் கிளப்பிலேயே புதிதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டான், கடைசிவரை அங்கேதானாம். கிளப் மறுத்தது உண்மையாகவே மறுத்ததுதான்.

அடுக்கி வைத்திருந்த மொட்டையின் ஜெர்சிக் கட்டையும் மேஜையில் கிடந்த மச்சானின் ஜெர்சியையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்படியானால் மச்சான் மறுத்ததும் உண்மைதானோ? மச்சானின் ஜெர்சியை ஒளித்துவைக்க எடுத்தேன். அதற்குள் வாசலில் வட்டாரத்தின் வேன் நின்றது.

மச்சான் முன்சீட்டிலிருந்து இறங்கினார். வேனின் பின்பக்கம் போர்வை சுற்றிய பெரிய இரும்புச் சாமான் ஒன்று. வட்டாரம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"காத்துல அழுத்தற பிரஸ் மாப்ள" என்றார் மச்சான். முகமெல்லாம் மலர்ச்சி. "கைப்பிடியே கிடையாது, பட்டனத் தொட்டா போதும். அந்தக் கண்ணாடிக் கடைக்காரர்கிட்ட சும்மா கிடந்துச்சு. நடையா நடந்து பேசி வாங்கிட்டேன்."

"எதுக்கு மச்சான்? நம்மகிட்டதான் இருக்கே?"

வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோள் மட்டத்துக்கு மேல் அது போகவில்லை. "இழுத்து இழுத்துத் தோள் தேஞ்சு போச்சு. ஸ்கேன்லயும் தெரிஞ்சுடுச்சு. இனிமே இழுக்கக் கூடாதாம்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணுவன்னு எனக்குத் தெரியாதா? ஓட முடியாதவன வச்சுப் பூஜையா பண்றதுன்னு தினம் நீதானே சொல்ற. அதான், மொதல்ல மெஷின கொண்டாந்து வச்சுட்டு, அப்புறம் தோளப் பத்திச் சொல்லலாம்னு..."

அப்போதுதான் என் கையிலிருந்த ஜெர்சியைப் பார்த்தார். வாங்கிப் பிரித்தார். படித்தார். மறுபடியும் படித்தார். வட்டாரம் சத்தமில்லாமல் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"நான் கேட்டேனே மச்சான்" என்றேன். "நீங்க மறுத்தீங்க. மறுத்தா..."

"அது ஆட்டக்காரனுக்கு மாப்ள. நான் உனக்கு ஆட்டக்காரனா?"

இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். "திங்கட்கிழமை ஒரு பொண்ணு வேலைக்கு வருது. பிரஸ்ஸுக்கு."

அவர் சிரித்தார். அது சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அப்ப நான் சரியாத்தான் பயந்திருக்கேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கடை வாசலில், வட்டாரத்தின் முன்னால், ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று தெரிந்தும் அழுதேன். "வர வேண்டாம்னு சொல்லிடறேன் மச்சான். இப்பவே போன் பண்றேன்."

"கையெழுத்துப் போட்ட ஆளத் திருப்பி அனுப்பறது அசிங்கம். வரட்டும். நான் பக்கத்துல நின்னு எங்க வைக்கணும்னு காட்டறேன். இத்தாலி மாதிரி ஆடிப் பார்ப்போம்." உள்ளே போய் ஜெர்சியைப் பழைய பிரஸ்ஸில் விரித்தார். "இப்ப அந்தக் கைப்பிடிய இழு. சூடு காட்டணும்."

இழுத்தேன். சூடு ஏறியதும் ஜெர்சியை எடுத்து, 'போய் வாங்க'வை இடது கையால் ஒவ்வொரு எழுத்தாக இடுக்கி வைத்து உரித்தார். மேலே இருந்த 'மச்சான்' மலையேறியபடியே இருந்தது. அதை நேராக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை அவர் எனக்கு முன்னாலேயே கடைக்கு வந்திருந்தார், அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு. புதுப் பெண் வந்ததும் முதல் கேள்வி கேட்டார். "இங்கிலாந்தா, இத்தாலியா?"

"ஸ்பெயின்" என்றாள் அவள்.

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல்முறையாக ஒரே பக்கமாக நின்று, மத்தியானம்வரை அவளோடு சண்டை போட்டோம்.

அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஆமாம் என்றால் நம்புவதா, இல்லை என்றால் நம்புவதா என்று எனக்குக் குழப்பம். சூடுபட்ட துணியிலிருந்து எழுத்தை உரித்தாலும் அதன் தடம் போகாது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் குனிந்து அந்தப் பெண்ணுக்கு மூன்று விரல் இடைவெளியைக் காட்டும்போது முதுகுத் துணி இழுபடுகிறது. எண்ணுக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தைகளும் மங்கலாகத் தெரிகின்றன. கடைக்கு வருகிறவர்கள் யாரும் இதுவரை கவனிக்கவில்லை. எனக்குத் தெரிகிறது.