பாதித் தாடி

முடிதிருத்தப் பள்ளியில் சவரம் பழகுகிறவர்களுக்குச் சுவர்க் கடிகாரம் உதவாது. மாஸ்டரின் மேசையில் உள்ள சின்ன இயந்திரம்தான் கணக்கு. கத்தியை எடுக்கும்போது அதை ஓடவிட வேண்டும். மாஸ்டர் அறையை விட்டுப் போனால் நிறுத்திவிட வேண்டும். முன்பெல்லாம் துண்டு துவைத்ததையும் தரை கூட்டியதையும்கூடப் பயிற்சி நேரமாக எழுதிக்கொண்டார்கள். அப்படித் தேறியவர்கள் கத்தியைப் பிடித்ததும் வாடிக்கையாளர் கன்னத்தில் பஞ்சு ஒட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் சட்டம் வந்தது. உயிருள்ள முகமும் பக்கத்தில் மாஸ்டரும் இருந்தால்தான் நேரம் சேரும்.

பேருந்து ஓட்டுநரின் மனைவிக்கு இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. அன்று மாலை பள்ளி மூடுவதற்குள் அது சேர்ந்தால் இந்த வருடமே தேர்வு எழுதலாம். இல்லையென்றால் அடுத்த வருடம்தான். முகம் கொடுப்பதாகச் சொன்ன ஆள் காலையில் கைவிரித்துவிட்டார். அதனால் கணவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாத்து வழிம்மா. நம்ம வீட்டுல உன்னைவிட இந்தத் தாடிக்கு சீனியாரிட்டி ஜாஸ்தி."

"பேசாதீங்க, கன்னம் ஆடுது."

முதலில் கத்தரிக்கோலால் குறைத்தாள். பிறகு வெந்நீரில் பிழிந்த துண்டைப் போர்த்தினாள். முடி நீரைக் குடித்து இளகினால்தான் கத்திக்கு இடம் கொடுக்கும். நுரை தடவி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்தாள். நிமிர்த்தினால் கீறும், அதிகம் படுத்தால் சும்மா வழுக்கிக்கொண்டு போகும்.

ஒரு கன்னம் முடிந்தது; இயந்திரத்தில் அரை மணி நேரம் சேர்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் ஒரு மாணவி கத்தரிக்கோலால் விரலை ஆழமாக வெட்டிக்கொண்டாள். மாஸ்டர் இயந்திரத்தை நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கத்தியைக் கீழ வைம்மா."

காத்திருந்தார்கள். மாஸ்டர் வரவில்லை. ஓட்டுநரின் வண்டி கிளம்பும் நேரம் நெருங்கியது.

"ஒரு ட்ரிப் அடிச்சுட்டு வந்துடறேன்."

"இந்த மூஞ்சியோடயா? ஊரே சிரிக்கும். உக்காருங்க, மீதியையும் எடுத்துடறேன்."

"எடுத்துட்டா உன் அரை மணி நேரம்?"

"அடுத்த வருஷம் எழுதிக்கறேன்." அவள் கத்தியை எடுத்துவிட்டாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "வை. பிள்ளைங்களத் தூங்க வச்சுட்டு, பலூன்ல நுரை தடவி வழிச்சுப் பழகினியே, நான் தூங்கிட்டேன்னா நெனச்சே? அது வெடிச்சப்போ வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். மீதித் தாடி உன்னுது. பத்திரமாக் கொண்டு வரேன்."

பாதித் தாடியோடு போய்விட்டார். அவள் துண்டுகளைத் துவைத்தாள். அதற்கு நேரம் சேராது என்று தெரிந்தும், சும்மா உட்கார முடியவில்லை. மாஸ்டர் திரும்பி வந்தார். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி மூட முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஓட்டுநர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

மறுபடி வெந்நீர்த் துண்டு, நுரை. இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"ரொம்பக் கேலி பண்ணாங்களா?"

"ஏறினவங்களுக்கு வழிச்ச பக்கந்தான் தெரிஞ்சுது. அப்புறம் நான் திரும்பிப் பாத்ததும் ஒரு அம்மா, 'பாதி வழியில டிரைவரை மாத்திட்டீங்களா'ன்னு கண்டக்டர்கிட்ட சண்டைக்குப் போயிட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்கிறதுன்னா கத்தியை எடுத்துட்டு சிரிம்மா," என்றார் மாஸ்டர்.

கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்து முடித்தாள். பிறகு தோலை இழுத்துப் பிடித்தாள். நுரையோடு முடி விலக விலக, கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்திராத கன்னம் வெளியே வந்தது. சிரிப்பை அடக்கியதில் அங்கே ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.

"இதை எதுக்குங்க இத்தனை வருஷமா மறைச்சு வச்சீங்க?"

அவர் கண்ணால் மட்டும் சிரித்தார். கன்னம் ஆடக் கூடாதல்லவா.

நேரம் நிறைந்துவிட்டதென்று இயந்திரம் ஒலித்தது. மாஸ்டர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். தாடைக்குக் கீழே கொஞ்சம் முடி மிச்சம் இருந்தது. அவள் குனிந்து, கத்தியைப் படுக்க வைத்து, அவசரப்படாமல் அதையும் எடுத்தாள்.