மறைப்பு பிடித்தவள்

தோள்கள் இரண்டும் கழன்றுவிடும் போல வலித்தன. நேற்றுப் பகலெல்லாம் ஜங்லிகாட் மீன்துறையில் ஐஸ் பெட்டி சுமந்து, இரவெல்லாம் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்த தோள்கள். இப்போது தார்பாயின் ஒரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஜொஹரா.

"கைய எறக்காத புள்ள. தெருவுல ஆம்பளைங்க நிக்கிறாங்க," என்றாள் மெஹர்ஜான் லாத்தா. பெண்கள் இறந்தால் மய்யித்தைக் குளிப்பாட்ட ஜமாத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

குளியலறைக்குள் கட்டில் நுழையவில்லை. அதனால் அடுக்களைக்குப் பின்னால் வெட்டவெளியில், விடியலில் இறந்துபோன மாமியார் மைமூன் பீவியைக் கிடத்தியிருந்தார்கள். தெருப்பக்கம் வேலி கிடையாது. அந்தப் பக்கத்தைத்தான் தார்பாயால் மறைத்திருந்தார்கள். மறுமுனையைப் பக்கத்து வீட்டு ரீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்திருந்தாள்.

மைமூன் பீவியின் மகள் சம்சாத் சூடம் கரைத்த தண்ணீரை மொண்டு கொடுக்க, மெஹர்ஜான் லாத்தா போர்த்திய துணிக்கு மேலேயே ஊற்றினாள். கையில் துணி சுற்றிக்கொண்டு, துணிக்குள் விட்டுத் தேய்த்தாள். ஒரு இடத்தையும் திறக்கவில்லை.

"இங்க பாத்தது இங்கயே. தழும்போ மருவோ, வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது," என்றாள்.

ஜொஹரா தார்பாய் முனையைக் கை மாற்றிப் பிடித்தாள்.

போன வருட மழையில் ஜொஹரா வேலை முடிந்து நனைந்து வந்தபோது, உடம்போடு ஒட்டிய சேலையைப் பார்த்து, வழியில் எதிர்ப்பட்ட ரீத்தாதான் தன் புருஷன் பீட்டரின் மழைக்கோட்டைப் போட்டு அனுப்பினாள். தெருவிலிருந்த ஸ்ரீதர் கடைக்கு முன்னால் மைமூன் பீவி வழிமறித்தாள். "எந்த ஆம்பள கோட்டுடி இது?" பதில் வருமுன் பொத்தான்கள் தெறித்தன. கோட்டோடு முக்காடும் போனது. மழைக்கு ஒதுங்கி நின்ற ஆண்களெல்லாம் பார்த்தார்கள். "எவன்கிட்டயோ படுத்துட்டு வர்றா. நல்லா பாத்துக்கங்க," என்றாள் மைமூன் பீவி. ஜொஹரா இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

மறுநாளே ரீத்தா வந்து கோட்டு யாருடையது என்று சொன்னாள். "தெரியும்," என்றாள் மைமூன் பீவி. "அதுக்காக மாமியாக்காரி தெருவுல போயி பொய் சொன்னேன்னு சொல்லுவாளா?"

தீவின் வடகோடியில் திக்லிபூரில் ரோடு வேலையிலிருந்த புருஷன் சீனிக்குப் போனில் சேதி போயிற்று. அந்தப் பெருநாளுக்கு அவன் வீட்டுக்கு வரவில்லை. ஐஸ் ஏற்றுமிடத்தில் டிரைவர்கள் அவளைப் பார்த்து இந்தியில் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு மைமூன் பீவி படுக்கையில் விழுந்தாள். அள்ளியதும் துடைத்ததும் ஜொஹராதான். ஒவ்வொரு முறையும் துணி மாற்றுமுன் கதவைத் தாழிட்டாள். ஒவ்வொரு முறையும் கேட்டாள்: "மாமி, இன்னிக்காவது சொல்லுவீங்களா?" கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

கடல்பக்கமிருந்து காற்று அடித்துத் தார்பாயைப் புடைக்கவைத்தது. இடுக்கு வழியே கடை தெரிந்தது. ஸ்ரீதர் நின்றான். அன்று மழைக்கு ஒதுங்கி நின்ற ஆட்டோக்காரர்களும் நின்றார்கள். உள்ளே, ஈரத்துணி கிழவியின் எலும்போடு ஒட்டிக் கிடந்தது. விரலைத் தளர்த்தினால் போதும். காற்றின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.

"என்ன ஜொஹரா?" ரீத்தா கிசுகிசுத்தாள். "விட்டுடலாம்னு தோணுதா?"

"தோணுது."

"விட்டுடாத."

"விட மாட்டேன். விட்டா அவங்க செஞ்சதும் நான் செஞ்சதும் சரியாப் போயிரும். நான் எதுக்குச் சரி பண்ணணும்?"

முனையை முஷ்டியில் சுற்றிக்கொண்டு இன்னும் உயர்த்திப் பிடித்தாள். கடைசிச் செம்பு தண்ணீர் ஊற்றி முடியும்வரை இறக்கவில்லை.

கஃபன் துணி சுற்றி உள்ளே கிடத்தினார்கள். தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. உம்மாவுக்கு முடியவில்லை என்று கேட்டு இரவு பஸ்ஸில் திக்லிபூரிலிருந்து வந்திருந்த சீனி வாசல்படியில் நின்று, தலையைக் குனிந்தபடி கேட்டான்: "உம்மா யாருக்காச்சும் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா, மனசு நோக பேசியிருந்தா, பொறுத்துக்கிட்டோம்னு சொல்லுங்க."

"பொறுத்துக்கிட்டோம்," என்றார்கள் பெண்கள்.

சம்சாத் திரும்பிப் பார்த்தாள். "மச்சி, நீங்க சொல்லல."

"சொல்லல."

"இத்தன நாளு பீ மூத்திரம் அள்ளுனீங்களே. அதவிடவா இது பெருசு?"

"அது வேற சம்சாத். படுத்துக் கெடக்குற மனுஷிக்குச் செய்ய வேண்டியது, செஞ்சேன்."

சீனி குரலைத் தாழ்த்தினான். "ஜொஹரா, மய்யித்த வச்சுக்கிட்டு வேணாம். நீ பொறுக்கலேன்னா அல்லாவும் பொறுக்க மாட்டான். தெரியும்ல?"

"தெரியும் மச்சான்."

அவன் காத்திருந்தான். வெளியே பள்ளிவாசல் அசரத்து தொண்டையைச் செருமினார். "ஜல்தி சீனி, நேரமாவுது."

ஜொஹரா முக்காட்டை இழுத்து நெற்றியில் சரிசெய்துகொண்டாள். சம்சாத் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். மெஹர்ஜான் லாத்தா சுவரைப் பார்த்தாள்.

மய்யித்தைச் சுமந்த சந்தூக் பெட்டி வாசலிறங்கித் தெருவில் போயிற்று. ஸ்ரீதர் கடை ஷட்டரைப் பாதி இறக்கினான். ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவன் அவள் நின்ற ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவன் காதில் என்னவோ சொன்னான்.

ரீத்தா கஞ்சி கொண்டுவந்தாள். ஜொஹராவால் கையைத் தூக்க முடியவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்து, குனிந்து, முழுவதையும் குடித்தாள்.

மைமூன் பீவி ஜொஹராவுக்குத் தரவேண்டியது ஒரு வார்த்தை. ஸ்ரீதர் கடை முன்னால், அதே ஆண்கள் காதில் விழ, "நான் சொன்னது பொய்" என்று. அது இன்னும் பாக்கி.